இறால் ஒவ்வாமைக்கான சிகிச்சை வடசென்னையில் பிறக்கட்டும்: ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தை நல மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

நான் டி.பார்ம். படித்தவள், காசிமேட்டில் மருந்துக் கடை நடத்துகிறேன். கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். இறால், நண்டு வாயில் பட்டாலே உயிருக்கு ஆபத்தாகிற அளவுக்கு ஒவ்வாமை உள்ள குழந்தைகள் எங்கள் பகுதியில் இருக்கிறார்கள். ஒவ்வாத உணவையே மிக மிகச் சிறிய அளவில், மருத்துவர் கண்பார்வையில் கொடுத்துக் கொடுத்து உடம்பைப் பழக்குகிற இம்யூனோதெரபி என்ற சிகிச்சை உலகத்தில் வளர்ந்து வருகிறது. இறாலுக்கான அந்தச் சிகிச்சையை உருவாக்கும் ஆய்வு வடசென்னையில் நடக்க வேண்டும். வேறு ஏதோ நாட்டில் நடந்து, பல வருடம் கழித்து, எங்களால் வாங்க முடியாத விலையில் இங்கே வந்து சேரட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

உணவு ஒவ்வாமை என்று தெரிந்ததும் எல்லா டாக்டர்களும் சொல்வது, ‘அதைச் சாப்பிடாதீர்கள், பக்கத்திலேயே போகாதீர்கள்’ என்பதுதான். தப்பில்லை, இன்றைக்கு வேறு வழி குறைவு. கடல் இல்லாத ஊரில் இருக்கிற குடும்பம் இதைக் கடைப்பிடித்துவிடலாம். காசிமேட்டிலும் புதுமனைக்குப்பத்திலும் திருவொற்றியூர்க் குப்பங்களிலும் எப்படிக் கடைப்பிடிப்பது? அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். அம்மா இறால் உரிக்கும் வேலைக்குப் போய்விட்டு அதே சேலையோடு வந்து பிள்ளையைத் தூக்குகிறாள். மாலையானால் தெருமுனைக் கடையில் இறால் பொரிக்கிற அதே எண்ணெயில்தான் மீனும் பொரிகிறது, சில கடைகளில் காலிஃபிளவரும் பொரிகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அப்போதாவது நிம்மதி உண்டா என்றால், அப்போதுதான் வீட்டுக்கு வீடு சென்னாக்கூனி வறுபடுகிறது. அதுவும் இறால்தான், காய்ந்த பொடி இறால். கொதிக்கும்போதும் வறுக்கும்போதும் இறாலின் புரதம் ஆவியோடு சேர்ந்து காற்றில் வரும். வெளிநாடுகளில் நண்டு, இறால் பதப்படுத்தும் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களுக்கு மூச்சு வழியாகவே ஆஸ்துமா வந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஒதுங்கியிருங்கள் என்ற அறிவுரை எங்களிடம் வந்து முடிந்துபோவது இதனால்தான். ஒதுங்குவதானால் பிள்ளை வீட்டைவிட்டே ஒதுங்க வேண்டும்.

என் தம்பி மகனுக்கு எட்டு வயது. உறவினர் வீட்டு விசேஷத்தில் அவனுக்கு மீன் வறுவல் மட்டும்தான் வைத்தார்கள். அதற்கு முன் அந்தச் சட்டியில் இறால் வறுத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, வாந்தி எடுத்து, இளைப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்கில் அலர்ஜி ஊசியும் ஸ்டீராய்டும் போட்டு உட்கார வைத்தார்கள். அட்ரினலின் போடவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள், அப்புறம்தான் அவனுக்கு மூச்சு சீராக வந்தது. அலர்ஜி மாத்திரையும் ஊசியும் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும். இறங்குகிற ரத்த அழுத்தத்தையும் அடைக்கிற மூச்சுக்குழலையும் அவை காப்பாற்றாது. முதலில் போட வேண்டியது அட்ரினலின், அதுவும் தொடைச் சதையில். பாடப்புத்தகத்தில் இருக்கிற இந்த விஷயம் தெருமுனை கிளினிக் வரை வந்து சேரவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

சரி, சிகிச்சைக்கு வருகிறேன். உணவைக் கொடுத்தே பழக்குவது புதிய யோசனை இல்லை. 1908லேயே இங்கிலாந்தில் ஆல்ஃபிரெட் ஸ்கோஃபீல்டு என்ற மருத்துவர், முட்டை ஒத்துக்கொள்ளாத ஒரு சிறுவனுக்குத் துளித் துளியாக முட்டை கொடுத்துக் குணப்படுத்தியதை லான்செட் இதழில் எழுதியிருக்கிறார். மூன்று வருடம் கழித்து லெனார்டு நூன் புல்லின் மகரந்தத்தை ஊசியாகக் கொடுத்து மூக்கு ஒவ்வாமையைக் குறைத்துக் காட்டினார். மகரந்தத்துக்கும் தூசுக்கும் அந்த வழி நிலைத்தது. உணவுக்கு மட்டும் பயம் காரணமாகப் பல பத்தாண்டுகள் தள்ளிக்கொண்டே போனது. பயத்துக்கு நியாயம் இருந்தது, கொடுக்கிற மருந்தே ஆளைக் கொல்லக்கூடிய பொருள் அல்லவா.

உடம்பில் நடப்பதை எளிதாகச் சொல்கிறேன். ஒவ்வாமை உள்ளவரின் ரத்தத்தில் அந்த உணவுக்கு எதிராக ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதம் இருக்கும். அது மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். உணவு வந்ததும் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் முதலானவற்றைக் கொட்டும். தடிப்பு, வீக்கம், இளைப்பு எல்லாம் அதனால் வருவதுதான். அந்த அளவுக்குத் தூண்டாத சிறு அளவைத் தினமும் கொடுத்து, வாரங்கள் மாதங்களாகக் கூட்டிக்கொண்டே போனால், உடம்பு ஐஜிஜி4 என்ற வேறு வகைப் புரதத்தை அதிகம் உண்டாக்குகிறது. எதிர்ப்புச் சக்தி எல்லை மீறாமல் கட்டுப்படுத்தும் டி செல்கள் வலுக்கின்றன, மாஸ்ட் செல்கள் சிலிர்ப்பது குறைகிறது. இதற்குப் பெயர்தான் வாய்வழி இம்யூனோதெரபி.

அமெரிக்காவில் வேர்க்கடலைக்கு இதை முழு மருந்தாகவே ஆக்கினார்கள். 4 முதல் 17 வயது வரை உள்ளவர்களிடம் நடந்த பெரிய ஆய்வில், மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 67 பேர் 600 மில்லிகிராம் கடலைப் புரதத்தைத் தாங்கினார்கள். அது சுமார் இரண்டு கடலையின் புரதம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத வெறும் மாவு எடுத்தவர்களில் தாங்கியவர்கள் நூற்றுக்கு 4 பேர்தான். 2020 ஜனவரியில் பால்ஃபோர்சியா என்ற பெயரில் அதற்கு அனுமதி கிடைத்தது. முதல் நாள் ஆரம்பிக்கும் அளவு அரை மில்லிகிராம், பிறகு மாதக்கணக்கில் ஏற்றித் தினம் 300 மில்லிகிராமில் நிறுத்துகிறார்கள். 2024 பிப்ரவரியில், ஐஜிஇயையே பிடித்து முடக்கும் ஓமாலிசுமாப் ஊசிக்கு உணவு ஒவ்வாமைக்காக அனுமதி கொடுத்தார்கள். அதற்கு எந்த உணவு என்ற கணக்கு இல்லை. தெரியாமல் கொஞ்சம் வாயில் போனாலும் ஆபத்து குறையும். ஆனால் இரண்டு அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், விலையும் தினக்கூலிக் குடும்பம் நினைத்துப் பார்க்கக்கூடியது இல்லை.

நல்லதை மட்டும் சொல்லி உங்களிடம் இதைக் கேட்க மாட்டேன். 2019ல் வேர்க்கடலை ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குக் கடும் ஒவ்வாமைத் தாக்குதல், ஒதுங்கி இருந்தவர்களைவிடச் சுமார் மூன்று மடங்கு அதிகமாக வந்திருந்தது. காய்ச்சல் நேரத்திலும், வெறும் வயிற்றிலும், ஓடி விளையாடிய உடனேயும் எடுத்தால், நேற்று ஒத்துக்கொண்ட அளவு இன்றைக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். சிலருக்கு உணவுக்குழாயில் அழற்சி வருகிறது. பெரும்பாலானவர்களுக்கு இது முழுக் குணம் கிடையாது, தினம் எடுப்பதை நிறுத்தினால் பாதுகாப்பும் போய்விடும். ஆனால் சின்ன வயதிலேயே தொடங்கினால் நிலைமை வேறு. 2022ல் வெளிவந்த ஓர் ஆய்வில், நான்கு வயதுக்குள் தொடங்கிய குழந்தைகளில் நூற்றுக்கு 71 பேர் சிகிச்சை முடிவில் கடலையைத் தாங்கினார்கள். நிறுத்தி 26 வாரம் ஆன பிறகும் 21 பேரிடம் அது நிலைத்திருந்தது. அந்த 21 பேருக்காகவே இந்த முயற்சி எடுக்கலாம் என்பேன்.

இதெல்லாம் வேர்க்கடலை. அங்கே அது பெரிய பிரச்சினை, அதனால் பணமும் ஆய்வும் அதற்குப் போயின. நம் ஊரில் கடலை உருண்டை தின்று வளராத பிள்ளை இல்லை. கடலைக்குக் கடும் ஒவ்வாமை இங்கே அபூர்வம். இங்கே குழந்தைகளுக்குப் பால், முட்டை, கொஞ்சம் வளர்ந்தவர்களுக்கு இறால், நண்டு, மீன். பாலும் முட்டையும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரச் சரியாகிவிடும். இறால் அப்படி விடாது, வந்தால் பெரும்பாலும் ஆயுசுக்கும் கூடவே வரும்.

இங்கே ஒன்றை உங்களுக்கு நினைவுபடுத்த ஆசைப்படுகிறேன். இறால் ஒவ்வாமைக்கு முக்கியக் காரணமான புரதம் டிரோபோமயோசின். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. அதை அடையாளம் கண்டதில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1989லும் 1993லும் அவர்கள் வெளியிட்ட ஆய்வுகள் அதற்குச் சாட்சி. 1989 ஆய்வுக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது நம் கடலில் கிடைக்கும் வெள்ளை இறால். நோய்க்குக் காரணத்தை நம் கடல் இறாலை வைத்து நம் நாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஹாங்காங்கில் அந்தப் புரதத்தை ஆபத்தில்லாதபடி மாற்றி எலிகளிடம் சோதித்திருக்கிறார்கள். கனடாவில் சின்னக் குழந்தைகளுக்கு இறாலையே கொடுத்துப் பழக்கத் தொடங்கியிருக்கிறார்கள். கடலைக்கு வந்த மாதிரி அனுமதி பெற்ற மருந்து இறாலுக்கு இன்னும் வரவில்லை. அந்த வேலையை முடிக்க நம்மைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

நம்மால் முடியுமா என்ற சந்தேகம் உங்களுக்கு வரக் கூடாது. 1956ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையத்தை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். காசநோய் வந்தால் மலைக்காற்றும் நல்ல சாப்பாடும் உள்ள சானடோரியத்தில் சேர்த்தால்தான் பிழைப்பார்கள் என்று உலகம் நம்பியிருந்த காலம். மெட்ராஸில் நெரிசலான வீடுகளில், அரைவயிற்றுக் கஞ்சியோடு இருந்த ஏழை நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வில், வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சமமாகக் குணமானார்கள். 1959ல் முடிவு வெளியானது. உலகம் முழுக்கக் காசநோய் வைத்தியமே மாறியது. அந்த நோயாளிகள் இந்த நகரத்தின் குடிசைக்காரர்கள். அவர்கள் கொடுத்த ஒத்துழைப்பில் உலகமே பிழைத்தது. இந்த நகரத்து மக்களால் இன்னொரு முறையும் அது முடியும்.

ஆய்வுக்கு முன்னால் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. யாருக்கு உண்மையிலேயே ஒவ்வாமை என்று கண்டுபிடிக்க வேண்டும். என் கடைக்கு ரத்தப் பரிசோதனைத் தாளோடு வருகிறவர்களைப் பார்த்து மனசு கஷ்டப்படும். பல உணவுகளின் பெயர் போட்டு, பாதிக்கு மேல் சிவப்பு மையில் இருக்கும். பிள்ளைக்குப் பால், கோதுமை, கத்திரிக்காய், மீன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு எலும்பும் தோலுமாகக் கூட்டி வருவார்கள். ஐஜிஇயை விட்டுவிட்டு ஐஜிஜி என்ற வேறு வகைப் புரதத்தைப் பார்த்து ஒவ்வாமை என்று சொல்லும் அந்தப் பரிசோதனைகளுக்கு மருத்துவ மதிப்பே இல்லை. சரியான ஐஜிஇ பரிசோதனையிலும் சிக்கல் உண்டு. இறாலின் டிரோபோமயோசினும் கரப்பான்பூச்சி, தூசுப்பேன் ஆகியவற்றின் டிரோபோமயோசினும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். பழைய வண்ணாரப்பேட்டையின் ஈரக் கசிவுள்ள வீடுகளில் கரப்பானும் தூசுப்பேனும் இல்லாத வீடு எது? அவற்றுக்கு உண்டான ஐஜிஇ இறாலுக்கும் பாசிட்டிவ் காட்டிவிடும், அந்தப் பிள்ளை இறாலைத் தட்டு நிறையச் சாப்பிட்டு நன்றாக இருந்தாலும் கூட. கர்நாடகத்தில் பெரியவர்களிடம் எடுத்து 2016ல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு 26 பேருக்கு மேல் ஏதாவது ஓர் உணவுக்கு ரத்தத்தில் ஐஜிஇ இருந்தது. உண்மையில் உணவு ஒவ்வாமை இருக்கக்கூடியவர்கள் நூற்றுக்கு 1.2 பேர்தான்.

இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரே நம்பகமான வழி, ஆஸ்பத்திரியில் உட்கார வைத்து, அட்ரினலினைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த உணவைப் படிப்படியாகக் கொடுத்துப் பார்ப்பது. ஜப்பானில் இந்தச் சோதனைக்கு அரசுக் காப்பீடே பணம் கொடுக்கிறது. எங்கள் மக்கள் இன்னமும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று உரிமையோடு கூப்பிடுகிற ஸ்டான்லியில், வாரம் ஒரு நாள் இதற்கென்று ஒதுக்குங்கள். பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். சில படுக்கைகள், பயிற்சி பெற்ற ஒரு மருத்துவர், இரண்டு செவிலியர், அளந்து வைத்த இறால் பொடி போதும். ஒவ்வாமை இல்லை என்று தெரிந்து வீட்டுக்குப் போகிற பிள்ளைகளே நிறைய இருப்பார்கள். அதுவே பெரிய வைத்தியம்.

அளந்து வைத்த இறால் பொடி என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன், சிகிச்சை முழுக்க அதில்தான் நிற்கிறது. வனாமி, புலி இறால், வெள்ளை இறால் ஒவ்வொன்றிலும், பச்சையா வேகவைத்ததா என்பதைப் பொறுத்தும், புரத அளவு மாறும். கடலை மருந்தில் அவர்கள் சாதித்தது இந்த அளவைத்தான்: எந்தப் பொட்டலத்தைப் பிரித்தாலும் அதே புரதம், அதே மில்லிகிராம். இங்கே பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. சென்னையிலேயே உவர்நீர் மீன்வளர்ப்புக்கான மத்திய ஆய்வு நிறுவனம் இருக்கிறது. இறாலை இனம் பிரித்து அறிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களையும் குழந்தை மருத்துவர்களையும் ஒரே மேசையில் உட்கார வைக்க உங்கள் துறையால் முடியும், வேறு யாராலும் முடியாது.

ஆய்வு என்றதும் எங்கள் பகுதி அம்மாக்கள் கேட்கப்போகிற முதல் கேள்வி எனக்குத் தெரியும்: எங்க புள்ளைங்கள எலியாக்கப் போறீங்களா? அந்தக் கேள்வியை மரியாதையோடு எதிர்கொள்ளுங்கள். 2019ன் மருத்துவ ஆய்வு விதிகள் நெறிமுறைக் குழுவையும் பாதிப்புக்கான இழப்பீட்டையும் கட்டாயமாக்கியிருக்கின்றன. தேசிய நெறிமுறைகளின்படி ஏழு வயது நிரம்பிய பிள்ளையின் சம்மதத்தையும் கேட்க வேண்டும். இவற்றைப் படிவத்தில் கையெழுத்து வாங்குவதோடு முடிக்காமல், புரிகிற தமிழில் உட்கார்ந்து பேசுங்கள். சிகிச்சை நடக்கும் மாதங்களில் ஆபத்து கூடும் என்பதை மறைக்காதீர்கள். அளவு கூட்டுகிற நாளில் கூலி விட்டுவிட்டு வரும் பெற்றோருக்கு அந்த நாள் சம்பளத்தைக் கொடுங்கள். ஆய்வு முடிந்தபின் மருந்து நின்றுபோகாது என்று எழுத்தில் உறுதி கொடுங்கள், ஏனென்றால் நின்றால் பாதுகாப்பும் நின்றுவிடும். பாதியில் விட்டுவிடுவதானால் தொடங்கவே வேண்டாம்.

நல்ல மருந்து வர வருடங்கள் ஆகும். அதுவரை பிள்ளைகளை உயிரோடு வைத்திருக்க அட்ரினலின் வேண்டும். வெளிநாட்டில் பேனா மாதிரி ஒரு ஊசியைத் தொடையில் அழுத்தினால் போதும். 2024ல் மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயும் வந்துவிட்டது. எங்களுக்கு அந்தப் பேனா கடையில் கிடைப்பதில்லை, வெளியிலிருந்து வரவழைத்தால் பல ஆயிரம் ரூபாய். ஆம்பியூல் என்ற சின்னக் கண்ணாடிக் குப்பியில் வரும் மருந்து மட்டும் மலிவு. உடம்பு எடையில் ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிலிட்டர், அப்படியானால் 20 கிலோ பிள்ளைக்கு 0.2 மில்லிலிட்டர். பிள்ளை நீலம் பாரித்துக் கிடக்கும்போது ஆம்பியூலை உடைத்து, அந்த மெல்லிய கோடு வரை இழுத்து, தொடையில் போடு என்று ஒரு தாயிடம் சொல்வது நியாயமா? நான் பலருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், கை நடுங்குகிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994ல் தொடங்கப்பட்டு, மொத்தமாக மருந்து வாங்கி விலையைக் குறைத்துக் காட்டிய நிறுவனம். அது முன்வந்து உள்நாட்டுக் கம்பெனிகளிடம் அட்ரினலின் பேனாவுக்கு டெண்டர் விட வேண்டும். அதுவரை, எடைக்கேற்ப முன்கூட்டியே நிரப்பிய சிரிஞ்சுகளை, வெளிச்சம் படாத உறையில், சில மாதங்களுக்கு ஒரு முறை மாற்றிக்கொள்ளும்படி, உறுதிசெய்த நோயாளிகளுக்கு அரசு மருத்துவமனையே கொடுக்கலாம். அட்ரினலினுக்கு வெயில் ஆகாது, எங்கள் தகரக் கூரை வீட்டு வெப்பத்தையும் கணக்கில் வைத்துச் செய்ய வேண்டும். பள்ளிகளிலும் ஒன்று இருக்க வேண்டும், முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளை யாரென்று சத்துணவு அமைப்பாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெருமுனை கிளினிக்குகளுக்கு ஒரே ஒரு பக்கச் சுற்றறிக்கை அனுப்பினாலும் போதும்: முதலில் அட்ரினலின், தொடையில், உடனே.

இந்தப் பகுதியில் கடும் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் குடும்பங்களை என் கடை வழியாகவே எனக்குத் தெரியும். உங்களில் யாராவது ஒரு மாலை வந்து பேசுவதானால், அவர்களை ஓர் இடத்தில் கூட்டி உட்கார வைப்பது என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் வேண்டாம், அன்றைக்கு மீன் மார்க்கெட்டில் எல்லாருக்கும் வேலை இருக்கும். மற்ற எந்த நாளும் சரி. தேதியைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
காசிமேட்டு மருந்துக் கடைக்காரி ஒருத்தி